ஈட்டன், ஹாரோ, ரக்பி: அந்தப் பெயர்களுக்கு ஏன் இத்தனை மவுசு?

"இங்கிலாந்தில் ஈட்டன், ஹாரோ என்று சொன்னாலே ஒரு தனி மரியாதை இருக்கிறதே, அது படிப்பால் வந்ததா, விளையாட்டால் வந்ததா, இல்லை வெறும் பழமையால் வந்ததா? அந்தப் பள்ளிகளின் மரபுகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லலாம். என் கருத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். படிப்பின் பெருமை பின்னால் வந்தது. விளையாட்டு வந்தது வேறொரு காரணத்துக்காக. பழமை என்று காட்டப்படுவதில் பாதி, நூற்றைம்பது இருநூறு வருடச் சரக்குதான். மரியாதை வந்ததற்கு முதல் காரணம், உள்ளே யார் வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள் என்பது. மற்றதெல்லாம் அதன்மேல் ஏறியவை.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தை முடித்துவிடுவோம். இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் அரசுப் பள்ளி இல்லை. கட்டணம் வாங்கும் பழைய தனியார் பள்ளி. அந்தக் காலத்தில் வசதியானவர்கள் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஆசிரியர் வைத்துப் படிக்கவைத்தார்கள். அதற்கு மாறாக, எந்த ஊர்ப் பிள்ளையும் வந்து சேரலாம் என்று திறந்திருந்த பள்ளி பப்ளிக். அர்த்தம் தலைகீழாகிப் போன பிறகும் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பெயர் மட்டுமல்ல, நோக்கமும் தலைகீழானது. வின்செஸ்டர் கல்லூரியை (பெயர்தான் கல்லூரி, இதுவும் பள்ளிதான்) அவ்வூர் பிஷப் வில்லியம் ஆஃப் வைக்கம் 1382-ல் நிறுவினார். எழுபது ஏழை மாணவர்கள் படிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. அதைப் பார்த்துத்தான் ஆறாம் ஹென்றி மன்னர் 1440-ல் ஈட்டனைத் தொடங்கினார். அங்கும் எழுபது பேர். ரக்பியை 1567-ல் நிறுவிய லாரன்ஸ் ஷெரிஃப் லண்டனில் மளிகை வியாபாரி. தன் சொந்த ஊர்ப் பையன்களுக்காகச் சொத்து எழுதிவைத்தார். 1572-ல் ஹாரோ பள்ளிக்கு அரச சாசனம் வாங்கிய ஜான் லயன் நிலபுலன் உள்ள உள்ளூர் விவசாயி. ஆக, நான்கில் ஒன்றுகூடப் பிரபுக்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டதில்லை.

பிறகு எப்படி மாறியது? கட்டணம் கட்டிப் படிப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற சின்ன வாசல் திறந்திருந்தது. ஈட்டனில் அப்படி வந்தவர்கள் பள்ளிக்குள் தங்க இடமில்லாமல் ஊருக்குள் வாடகை வீடுகளில் தங்கினார்கள். 'ஊர்க்காரன்' என்ற பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து 'ஆப்பிடன்' என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. காலப்போக்கில் எழுபது பேர் எழுபதாகவே இருக்க, ஆப்பிடன்கள் நூற்றுக்கணக்கில் பெருகினார்கள். பிரபு வீட்டுப் பையன் ஒருவன் வந்தால் அவனோடு பழக வேண்டும் என்றே நாலு பணக்கார வீட்டுப் பையன்கள் வருவார்கள். பள்ளியின் மதிப்பு ஏறியது இந்தக் கணக்கில்தான், பாடத்திட்டத்தால் அல்ல.

ஹாரோவிலும் ரக்பியிலும் நடந்தது இன்னும் வேடிக்கை. லத்தீனும் கிரேக்கமும் தவிர வேறெதுவும் சொல்லித்தராத பள்ளியில் கடைக்காரர் தன் மகனைச் சேர்த்து என்ன பயன்? உள்ளூர்ப் பையன்கள் குறைந்தார்கள், வெளியூர்ப் பணக்காரர்கள் கூடினார்கள். 1868-ல் வந்த பப்ளிக் ஸ்கூல்ஸ் சட்டம் பழைய ஏற்பாடுகளை மாற்றி எழுத வழிசெய்தது. உள்ளூர்ப் பையன்களுக்கென்று பக்கத்திலேயே தனிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அவற்றுக்கு வைத்த பெயர்கள்: ஹாரோவில் ஜான் லயன் பள்ளி, ரக்பியில் லாரன்ஸ் ஷெரிஃப் பள்ளி. அதாவது நிறுவனரின் பெயரை மரியாதையோடு அடுத்த கட்டடத்துக்கு அனுப்பிவிட்டு, அவர் தொடங்கிய பள்ளியை வேறு வகையினர் வைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சட்டத்துக்கு முன்னால், 1861-லிருந்து 1864 வரை கிளாரண்டன் பிரபு தலைமையில் ஓர் ஆணையம் ஒன்பது பள்ளிகளை ஆராய்ந்தது: ஈட்டன், வின்செஸ்டர், வெஸ்ட்மின்ஸ்டர், சார்ட்டர்ஹவுஸ், செயின்ட் பால்ஸ், மெர்ச்சன்ட் டெய்லர்ஸ், ஹாரோ, ரக்பி, ஷ்ரூஸ்பரி. குறை கண்டுபிடிக்கப் போட்ட ஆணையம், நிறைய குறைகளைக் கண்டும் பிடித்தது. ஆனால் 'ஆணையம் ஆராயும் அளவுக்குப் பெரிய ஒன்பது' என்ற பட்டியலே பின்னால் ஒரு பட்டமாகிவிட்டது. பெருமை சில சமயம் இப்படியும் ஒட்டிக்கொள்ளும்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். இன்று அந்தப் பள்ளிகளின் பச்சைப் புல்வெளிப் படங்களைப் பார்ப்பவர்களுக்கு, அங்கே ஆரம்பம் முதலே ஒழுங்காகக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்று தோன்றும். உண்மையில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவை கலவர பூமி. 1797-ல் ரக்பியில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு பையன் மளிகைக்கடையில் வெடிமருந்து வாங்கினான். தலைமையாசிரியர் கேட்டபோது கடைக்காரர் நான் விற்கவே இல்லை என்று சாதித்துவிட, பையன்கள் அந்தக் கடையின் ஜன்னல்களை உடைத்தார்கள். தலைமையாசிரியர் இங்கிள்ஸ் நஷ்டத்தைக் கட்டச் சொன்னார். அதற்குப் பதில், அவருடைய அறைக் கதவை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மேசை நாற்காலிகளையும் புத்தகங்களையும் மைதானத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். ஊரில் ஆள்சேர்ப்புக்கு வந்திருந்த சிப்பாய்களைக் கூப்பிட வேண்டியதாயிற்று. பையன்கள் அகழி சூழ்ந்த மேடு ஒன்றில் ஏறி நின்றார்கள். முன்பக்கம், கூட்டத்தைக் கலையச் சொல்லும் கலகத் தடைச் சட்டத்தை வாசித்துக்கொண்டிருக்க, சிப்பாய்கள் பின்பக்கமாகத் தண்ணீரில் இறங்கிப் போய் வளைத்துப் பிடித்தார்கள். பள்ளிக்கூடத்தில்!

ஆசிரியர்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம் பிரம்பு. ஈட்டனில் 1809 முதல் 1834 வரை தலைமையாசிரியராக இருந்த ஜான் கீட், 1832-ல் ஒரே நாளில் எண்பதுக்கும் மேற்பட்ட பையன்களை அடித்தவர். அடி விழுந்தது, கலகமும் நிற்கவில்லை.

இங்கேதான் எல்லோரும் தாமஸ் ஆர்னல்டின் பெயரைச் சொல்வார்கள். 1828-லிருந்து 1842 வரை ரக்பியின் தலைமையாசிரியர். அவர் செய்தது, மேல்வகுப்புப் பையன்களுக்கு அதிகாரம் கொடுத்து, கீழ்வகுப்பை அவர்களைக் கொண்டே ஆளவைத்தது. அவர் எதிர்பார்த்தவை மூன்று: முதலில் சமய ஒழுக்கம், அடுத்தது கண்ணியமான நடத்தை, மூன்றாவதாகத்தான் அறிவுத்திறன். விளையாட்டு அந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

விளையாட்டைக் கொண்டுவந்தவர் அவரிடம் ஆசிரியராக வேலை பார்த்த ஜார்ஜ் காட்டன். மார்ல்பரோ கல்லூரி 1843-ல் பாதிரியார்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. கட்டணம் குறைவு, கூட்டம் அதிகம், ஆசிரியர்கள் போதாது. 1851-ல் அங்கே பெருங்கலகம் வெடித்துத் தலைமையாசிரியர் வெளியேறினார். மறுவருடம் காட்டன் வந்தார். மதியத்துக்குப் பிறகு வேலையில்லாத பையன்கள் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் புகுந்து அட்டகாசம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் காவல் காக்க ஆள் கிடையாது. சரி, எல்லோரும் மைதானத்துக்கு வா, அணி பிரித்து ஆடு, கூடவே இளம் ஆசிரியர்களும் ஆடுவார்கள் என்றார். நானூறு ஐந்நூறு பையன்களை ஒரே இடத்தில் கண்ணில் படும்படி வைத்து, சாயங்காலத்துக்குள் களைத்துப்போகச் செய்வதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது. குழு மனப்பான்மை, நேர்மை, விட்டுக்கொடுத்தல் என்ற தத்துவமெல்லாம் பின்னால் சேர்ந்தவை. தொடக்கத்தில் அது போலீஸ் வேலை.

இந்தக் காட்டன் நமக்கு அந்நியர் இல்லை. 1858-ல் கல்கத்தா பிஷப்பாக வந்தார். சிம்லாவில் 1859-ல் தொடங்கிய பள்ளியும், பெங்களூரில் 1865-ல் தொடங்கிய பள்ளியும் இன்று அவர் பெயரில்தான் இருக்கின்றன. ஹவுஸ் பிரிப்பது, மாணவர் தலைவர்களை நியமிப்பது, ஹவுஸுக்கு ஹவுஸ் போட்டி வைப்பது என்று நம் பள்ளிகளில் சாதாரணமாக நடக்கும் பல விஷயங்கள் இவரைப் போன்றவர்களின் கைவழி வந்தவை. 1866-ல் இப்போது வங்கதேசத்தில் இருக்கும் குஷ்டியாவில், இருட்டில் படகில் ஏறப் போட்டிருந்த பலகையில் கால் வழுக்கி ஆற்றில் விழுந்து இறந்தார். உடல் கிடைக்கவில்லை.

விளையாட்டு நிலைத்த பிறகு அதற்குப் புராணம் எழுதும் வேலை தொடங்கியது. "வாட்டர்லூ போர் ஈட்டன் மைதானங்களில் வெல்லப்பட்டது" என்று அந்தப் போரில் நெப்போலியனைத் தோற்கடித்த தளபதி வெலிங்டன் சொன்னதாக ஒரு வாசகம் எல்லோருக்கும் தெரியும். அவர் உயிரோடு இருந்தவரை யாரும் அதைக் கேட்டதாகப் பதிவு இல்லை. 1852-ல் அவர் இறந்த பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. அவர் ஈட்டனில் படித்த 1780-களில் கட்டாய விளையாட்டே அங்கே கிடையாது. மனிதர் படிப்பிலும் விளையாட்டிலும் பெயர் வாங்காமல் மூன்று வருடத்தில் வெளியேறியவர்.

ரக்பி ஆட்டத்தின் கதையும் இப்படியே. 1823-ல் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற பையன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான், அதிலிருந்து ஆட்டம் பிறந்தது என்று பள்ளியில் கல்வெட்டே இருக்கிறது. இந்தக் கதையை ஒரு பழைய மாணவர் முதன்முதலில் எழுதியது 1876-ல். எல்லிஸ் இறந்து நான்கு வருடம் கழித்து. 1895-ல் பழைய மாணவர் சங்கம் விசாரணை நடத்தியது. நேரில் பார்த்தவர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. அந்தப் பள்ளி மாணவர்கள் 1845-ல் உட்கார்ந்து விதிகளை எழுதினார்கள் என்பதற்கு ஆவணம் இருக்கிறது. ஆனால் உலகக்கோப்பைக்கு வெப் எல்லிஸ் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். விதி எழுதியவனைவிட விதியை மீறியவன் கதைக்கு வசதி.

இந்தப் புராணத்தின் மிகப் பெரிய பலன் பிரான்சிலிருந்து வந்தது. ரக்பியின் பழைய மாணவர் ஒருவர் 1857-ல் எழுதிய பள்ளி நாவலைப் படித்து மயங்கிய பியர் த குபர்த்தன், 1880-களில் ரக்பிக்கு வந்து ஆர்னல்டின் கல்லறை முன் நின்றார். விளையாட்டின் மூலம் மனிதனை உருவாக்கியவர் ஆர்னல்ட் என்று நம்பினார். நம்பிக்கை தப்புதான். ஆனால் அவர் முன்னின்று நடத்திய ஒலிம்பிக் 1896-ல் ஏதென்ஸில் நடந்தேவிட்டது.

ஒவ்வொரு பள்ளியின் ஆட்டமும் அந்த இடத்தின் செங்கல்லிலும் மண்ணிலும் பிறந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஈட்டனின் தேவாலயச் சுவரில் வெளியே துருத்திக்கொண்டு ஒரு முட்டுச்சுவர் இருக்கிறது. கீழே ஒரு படி. பிரார்த்தனைக்குக் காத்திருந்த பையன்கள் அந்த மூலையில் பந்தைக் கையால் அடித்து ஆடினார்கள். அது 'ஃபைவ்ஸ்' என்ற ஆட்டமானது. கையுறை போட்டுக்கொண்டு ஆட வேண்டும். பிற்பாடு வேறு ஊர்களில் களம் கட்டியவர்கள் அந்த முட்டுச்சுவரையும் படியையும் அப்படியே நகல் எடுத்துக் கட்டினார்கள். பந்து அதில் பட்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்லமுடியாததே ஆட்டத்தின் ருசி. கட்டடக்காரர் மழைக்கும் பாரத்துக்கும் பார்த்து வைத்த கல், ஒரு விளையாட்டின் விதியாகிவிட்டது.

கால்பந்தும் அப்படித்தான். நகரத்துக்குள் கல் பாவிய முற்றத்தில் ஆடிய வெஸ்ட்மின்ஸ்டர், சார்ட்டர்ஹவுஸ் பையன்கள் கீழே விழுந்தால் எலும்பு உடையும். அதனால் காலாலேயே பந்தை நகர்த்தும் ஆட்டம் வளர்ந்தது. ரக்பியில் பரந்த புல்தரை. ஆளைப் பிடித்துத் தள்ளலாம். இவர்கள் எல்லோரும் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஒன்றாக ஆட நின்றபோது ஆளுக்கொரு விதி. சண்டை தீர 1848-ல் கேம்பிரிட்ஜில் பொது விதி எழுதினார்கள். 1863-ல் கால்பந்துச் சங்கம் உருவானது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். அந்தச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் முதல் பத்துப் பன்னிரண்டு வருடம் பழைய மாணவர்களின் ராஜ்யம். ஈட்டன் பழைய மாணவர் அணி 1879-லும் 1882-லும் வென்றது. நடுவில் 1881-ல் சார்ட்டர்ஹவுஸ். 1883 இறுதிப் போட்டியில் ஈட்டனுக்கு எதிரே வந்து நின்றது பிளாக்பர்ன் ஒலிம்பிக்: பஞ்சாலை ஊர்க்காரர்கள், நெசவாளர்களும் கைத்தொழில் செய்பவர்களும் இருந்த அணி. ஆட்டத்துக்கு முன் அவர்கள் பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்த் தங்கி முறையாகப் பயிற்சி எடுத்தார்கள். பயிற்சி எடுப்பதே கனவானுக்கு அழகல்ல என்று நினைத்த காலம் அது. கூடுதல் நேரத்தில் 2-1 என்று பிளாக்பர்ன் ஜெயித்தது. அதற்குப் பிறகு எந்தப் பழைய மாணவர் அணியும் அந்தக் கோப்பையை வென்றதில்லை.

கால்பந்து கைநழுவிப் போனது, கிரிக்கெட் போகவில்லை. காரணம் நிலம். கால்பந்துக்கு ஒரு பந்தும் தெருவும் போதும். கிரிக்கெட்டுக்குச் சீரான பிட்ச் வேண்டும், அதைப் பராமரிக்க ஆள் வேண்டும், நாள் முழுக்க நேரம் வேண்டும். படகோட்டத்துக்கு ஏரியே வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் படகுப் போட்டி நடந்த டார்னி ஏரி ஈட்டன் கல்லூரிக்குச் சொந்தமானது என்றால் பாருங்கள். சட்டன் டிரஸ்ட் என்ற அமைப்பு 2019-ல் வெளியிட்ட ஆய்வில், நாட்டில் சுமார் 7 சதவீதம் பேர்தான் தனியார் பள்ளியில் படிப்பவர்கள். ஆனால் இங்கிலாந்து ஆடவர் கிரிக்கெட் அணியில் அவர்களின் பங்கு 43 சதவீதம். கால்பந்து அணியில் 5 சதவீதம். என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அந்த 43-ல் ஒரு உள்கதை உண்டு. ஜோ ரூட் ஷெஃபீல்டில் சாதாரண அரசுப் பள்ளியில் படித்தவர். பதினைந்து வயதில் கிரிக்கெட் உதவித்தொகையில் வொர்க்சாப் கல்லூரிக்குப் போனார். ரக்பி வீரர் மாரோ இட்டோஜே மேல்வகுப்புக்கு உதவித்தொகையில் ஹாரோவுக்குப் போனவர். திறமை வெளியே தெரிந்த பிறகு பள்ளி அதை உள்ளே கூட்டிக்கொள்கிறது. பையனுக்கு நல்ல மைதானம் கிடைக்கிறது, பள்ளிக்குச் சுவரில் மாட்ட ஒரு படம் கிடைக்கிறது. இருவருக்கும் லாபம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் 'எங்கள் பள்ளி உருவாக்கிய வீரர்' என்று படித்தால் எந்த வயதில் சேர்ந்தார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட் என்றால் ஈட்டனும் ஹாரோவும் லார்ட்ஸில் மோதும் ஆட்டம். 1805-ல் நடந்த முதல் ஆட்டத்தில் ஹாரோ அணியில் கவிஞர் பைரன் ஆடினார், ஜெயித்தது ஈட்டன். 1910 ஆட்டத்தை இன்றும் பேசுவார்கள். ஹாரோ 232, ஈட்டன் 67-க்குச் சுருண்டு ஃபாலோ ஆன், அதாவது உடனே மறுபடி பேட் பிடிக்க வேண்டிய நிலை. இரண்டாவது இன்னிங்ஸில் கேப்டன் ஃபவுலர் 64 எடுத்தும் மொத்தம் 219. ஹாரோ ஜெயிக்க வெறும் 55 போதும். ஃபவுலர் பந்தை எடுத்தார். 32-க்கு 9 விக்கெட். கடைசி ஜோடி ஒவ்வொன்றாக ஓடி 13 சேர்த்தது. 45-ல் கடைசி விக்கெட் விழ, 9 ரன்னில் ஈட்டன் வெற்றி. ஃபவுலருக்கு 23 ரன்னுக்கு 8 விக்கெட். கடைசியாக அவுட் ஆன பையன் ஹெரால்ட் அலெக்சாண்டர், இரண்டாம் உலகப்போரில் ஃபீல்டு மார்ஷல் ஆனவர்.

பள்ளிப் பையன்களின் ஆட்டம் ஏன் லார்ட்ஸில் நடக்க வேண்டும் என்ற கேள்வி இப்போது பலமாக எழுந்திருக்கிறது. 2023-லிருந்து அங்கே நடத்துவதில்லை என்று, லார்ட்ஸ் மைதானத்தின் சொந்தக்காரரான எம்.சி.சி. சங்கம் 2022-ல் முடிவெடுத்தது, உறுப்பினர்கள் கொதித்தெழ, 2027 வரை தொடரட்டும் என்று பின்வாங்கியது. இங்கிலாந்து மகளிர் அணி லார்ட்ஸில் ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை, இரண்டு பள்ளிகளுக்கு மட்டும் இடமா என்று 2023-ல் ஒரு சுயேச்சை ஆணையம் கேட்டது நியாயமான கேள்வி.

பெரிய மைதானத்தைவிட ஹவுஸ் ஆட்டங்களில்தான் இந்தப் பள்ளிகளின் உயிர் இருக்கிறது. 1899 ஜூனில் பிரிஸ்டலின் கிளிஃப்டன் கல்லூரியில், ஒரு சாதாரண ஜூனியர் ஹவுஸ் போட்டியில், 13 வயது ஏ.இ.ஜே. காலின்ஸ் ஆட்டமிழக்காமல் 628 எடுத்தான். நாலு மாலைகள் பேட் பிடித்தான். சின்ன மைதானம், ஒரு பக்கம் எல்லை மிக அருகில். ஸ்கோர் எழுதிய பையன், ஒரு இருபது கூடக் குறைய இருக்கலாம் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டான். காலின்ஸ் பிறந்தது நம் ஹசாரிபாக்கில். இறந்தது 1914 நவம்பரில் ஈப்ர போர்முனையில். அந்தச் சாதனை 116 வருடம் நின்றது. 2016 ஜனவரியில் கல்யாணில் நடந்த பள்ளிப் போட்டியில், ஆட்டோ ஓட்டுநரின் மகனான பிரணவ் தனவடே 1009 எடுத்து அதை முறித்தார்.

பெண்கள் பள்ளிகள் இதே பாதையில் பின்னால் வந்தன. வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் லக்ராஸ் என்ற ஆட்டத்தைப் பெண்களுக்கென்று 1890-ல் தொடங்கிவைத்தது ஸ்காட்லாந்தின் செயின்ட் லெனர்ட்ஸ் பள்ளி. பிற்பாடு பெண்கள் பள்ளிகளுக்கு அதுவே ஓர் அடையாளமானது.

இனி படிப்பு. வெகுகாலம் படிப்பு என்றால் லத்தீன், கிரேக்கம், மறுபடி லத்தீன். ஷ்ரூஸ்பரியில் படித்த சார்லஸ் டார்வின், வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் அண்ணனோடு சேர்ந்து வேதியியல் சோதனை செய்துகொண்டிருந்தார். பையன்கள் அவருக்கு 'கேஸ்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். உருப்படாத விஷயத்தில் நேரத்தை வீணடிக்கிறாய் என்று தலைமையாசிரியர் பட்லர் எல்லோர் முன்னாலும் திட்டினார். அந்தப் பள்ளி இன்று டார்வினை எவ்வளவு பெருமையோடு சொல்லிக்கொள்கிறது என்பதையும் சேர்த்து யோசித்துப்பாருங்கள்.

அதைவிட அதிசயம் ஈட்டனுக்கும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்கும் இருந்த தொப்புள்கொடி. இரண்டையும் நிறுவியவர் ஒரே மன்னர். ஈட்டனின் எழுபது பேரிலிருந்துதான் கிங்ஸுக்கு ஆள் எடுப்பார்கள். அவர்களுக்குப் பல்கலைக்கழகத் தேர்வே எழுதாமல் பட்டம். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது நடந்தது. இந்தக் குழாய் இருக்கும்போது உள்ளே என்ன சொல்லித்தருகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

போட்டித் தேர்வு வந்த பிறகுதான் படிப்பின் தரம் நிஜமாக ஏறியது. இன்று நிலைமை வேறு. பதினோரு வயதில் ஒரு சல்லடை, பதின்மூன்றில் இன்னொன்று. சின்ன வகுப்புகள், ஒவ்வொரு பையனுக்கும் தனியாக ஒரு வழிகாட்டும் ஆசிரியர். தேர்வு முடிவுகள் பிரமாதமாக இருக்கின்றன. ஆனால் சலித்து எடுத்த பையன்களை வைத்துக்கொண்டு வரும் முடிவு அது என்பதையும் மறக்கக் கூடாது. கிழக்கு லண்டனில் உள்ள பிராம்ப்டன் மேனர் என்ற அரசுப் பள்ளியிலிருந்து 2021-ல் 55 பேருக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் இடம் கிடைக்கும் என்று அழைப்பு வந்தது. அந்த வருடம் ஈட்டனுக்கு 48.

பரிசு கொடுத்து ஊக்குவிக்கும் மரபு எதிர்பாராத இடங்களுக்குப் போய்ச் சேர்ந்ததும் உண்டு. 1905-லிருந்து 1907 வரை ஹாரோவில் படித்த ஜவாஹர்லால் நேருவுக்கு, நன்றாகப் படித்ததற்காக இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டியைப் பற்றிய நூல் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதைப் படித்துத்தான் இத்தாலியையும் இந்தியாவையும் சேர்த்து நினைக்கத் தொடங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். ஹாரோ கொடுத்த பரிசுகளில் பேரரசுக்கு அதிகச் செலவு வைத்தது இதுவாகத்தான் இருக்கும்.

அப்படியானால் மவுசு எங்கே உட்கார்ந்திருக்கிறது? ஈட்டனில் 'பாப்' என்று ஒரு சங்கம். 1811-ல் விவாத மன்றமாகத் தொடங்கியது. உறுப்பினர்களே அடுத்த உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டதால் போகப்போக ஆட்டத்தில் பெயர் வாங்கியவர்களும் எல்லோருக்கும் பிடித்தவர்களும் நிறைந்த கூட்டமாக மாறியது. மற்றவர்கள் கறுப்பில் நிற்க, இவர்கள் மட்டும் இஷ்டப்பட்ட வண்ணத்தில் வெயிஸ்ட்கோட் (கோட்டுக்குள் போடும் கையில்லாச் சட்டை) போட்டுக்கொள்ளலாம். யாரை உள்ளே விடுவது என்று பதினேழு வயதில் தீர்மானித்துப் பழகியவர்கள் பிற்காலத்தில் என்ன செய்வார்கள்? முதல் பிரதமர் வால்போலிலிருந்து போரிஸ் ஜான்சன் வரை இருபது பிரதமர்கள் ஈட்டன்காரர்கள். மேலே சொன்ன அதே 2019 ஆய்வில் மூத்த நீதிபதிகளில் 65 சதவீதம் பேர் தனியார் பள்ளியில் படித்தவர்கள். பெற்றோர் வருடத்துக்கு 60,000 பவுண்டுக்கு மேல் கட்டுவதும், 2025 ஜனவரியிலிருந்து 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி விழுந்தும் வரிசை கலையாமல் இருப்பதும் கிரேக்க இலக்கணத்துக்காக அல்ல.

ஈட்டனின் அந்த எழுபது பேர் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் பாடு பரிதாபம். 'லாங் சேம்பர்' என்ற ஒரே நீள அறையில் ராத்திரி பூட்டிவைப்பார்கள். எலிகளும் முரட்டுப் பையன்களும் உள்ளே. இலவசப் படிப்பு என்றாலும் பெற்றோர் அனுப்பப் பயந்து இடங்கள் நிரம்பாமல் கிடந்தன. பிறகு தேர்வு வைத்து எடுக்கத் தொடங்கியதும் அவர்களே பள்ளியின் மூளை ஆனார்கள். இன்றும் எழுபது பேர்தான். மற்றவர்களிடமிருந்து பிரித்துக்காட்டும் கறுப்பு அங்கி இன்றும் உண்டு. ஆனால் எழுபதில் ஒருவர், அதாவது 'ஸ்காலர்' என்பதற்காக மட்டும் படிப்பு இலவசமாகிவிடாது. உதவி வேண்டுமானால் குடும்ப வருமானத்தைக் காட்ட வேண்டும்.

ஒவ்வொரு நவம்பர் கடைசியிலும், புனித ஆண்ட்ரூ நாளை ஒட்டி, இவர்களுக்கும் ஆப்பிடன்களுக்கும் 'வால் கேம்' நடக்கும். 1717-ல் கட்டிய செங்கல் சுவர். அதை ஒட்டி 5 மீட்டர் அகலம், 110 மீட்டர் நீளத்தில் ஒரு சேற்றுத் துண்டு. ஒரு முனையில் கோல் என்பது ஒரு தோட்டத்துக் கதவு, மறுமுனையில் ஒரு மரம். இரண்டு பக்கப் பையன்களும் சுவரோடு சுவராகக் குவிந்து கிடப்பார்கள். பந்து எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர்களுக்கும் தெரியாது, பாதி நேரம் ஆடுபவர்களுக்கும் தெரியாது. கன்னமும் முழங்கையும் செங்கல்லில் உரசித் தோல் உரியும். ஆப்பிடன்கள் ஆயிரத்து இருநூறு பேரிலிருந்து அணி எடுக்கிறார்கள், இவர்கள் எழுபதிலிருந்து. ஆனால் சுவரின் நுணுக்கம் தெரிந்தவர்கள் என்பதால் எழுபதுக்காரர்கள் சளைப்பதில்லை. அந்த நாள் ஆட்டத்தில் கடைசியாக ஒரு கோல் விழுந்தது 1909-ல்.